திறந்த வகுப்பறையும் தரம் ஐந்துப் பரீட்சையும்

ஆரம்ப வகுப்புக் கற்பித்தலைச் சீர்திருத்த எடுக்கப்பட்ட முயற்சிகளுள் பெரும் நம்பிக்கையையும் பெரும் வாதத்தையும் ஒருங்கே கிளப்பியது ‘திறந்த வகுப்பறை’ எனப்படும் முறையாகும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து, ஆசிரியரின் ஒரே குரலைப் பின்தொடர்ந்து படிக்கும் பழைய ஒழுங்கை அது கைவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் சிறு குழுக்களாகவும் தனித்தனியாகவும் வெவ்வேறு வேலைகளில் ஈடுபட, ஆசிரியர் அவர்களிடையே சென்று, தேவைப்படுபவருக்குத் தேவைப்படும் வேளையில் உதவுகிறார். அத்தகைய அறையில் வாங்குகள் கரும்பலகையை நோக்கி வரிசையாகப் போடப்படுவதில்லை. ஒரு மூலையில் வாசிப்பு நூல்கள், இன்னொரு மூலையில் எண்ணவும் அளக்கவும் நிறுக்கவும் உரிய பொருள்கள், வேறொரு பக்கத்தில் வரைதலும் கைவேலையும் என இடம் பிரிக்கப்பட்டு, எதை முதலிற் செய்வது, யாருடன் சேர்ந்து செய்வது என்பவற்றில் ஓரளவு தெரிவு பிள்ளையிடமே விடப்படுகிறது.

புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளை போன்ற ஊர்களில் வாழும் பெற்றோருக்கு இது எங்கோ தூரத்து நாட்டுச் செய்தியாகத் தோன்றக்கூடும். ஆனால் 1999ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையின் எல்லா அரச பாடசாலைகளிலும் முதலாம் தரத்திற் சேரும் பிள்ளைக்கென வகுக்கப்பட்ட கலைத்திட்டம், விளையாட்டையும் செயற்பாட்டையும் முதன்மையாகக் கொண்ட, பெருமளவுக்குத் திறந்த வகுப்பறையின் கொள்கைகளைத் தழுவிய கலைத்திட்டமே ஆகும். கலைத்திட்டம் ஒன்றைக் கூற, வகுப்பறையில் பல இடங்களில் வேறொன்று நடக்கிறது என்றால், அதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பலா, முறையின் குறைபாடா, அல்லது முறைக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். இங்கிலாந்து, இலங்கை, தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இதற்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

முறை பிறந்த சூழல்

பிள்ளை தன் புலன்களாலும் கைகளாலும் கற்கிறது என்ற கருத்து புதியதன்று. ஜெர்மனியில் புரோபல் 1837இல் தொடங்கிய சிறுவர் தோட்டமும், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஜோன் டூயி 1896இல் நிறுவிய பரிசோதனைப் பாடசாலையும், இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் ஆரம்பித்த சிறுவர் இல்லமும் இக்கருத்தைச் செயலில் காட்டின. மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். 1944இல் இலங்கையிலும் பயிற்சி நெறியொன்றை நடத்தியவர். இலங்கையில் முன்பள்ளிகளை இன்றும் ‘மொண்டிசோரி’ என்றே மக்கள் அழைக்கிறார்கள்; எனினும் அம்முறை முன்பள்ளியின் வாசலோடு நின்றுவிட்டது.

அரச ஆரம்பப் பாடசாலைகளில் இம்முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட நாடுகளுள் முதன்மையானது இங்கிலாந்து. பிரிஜெட் பிளவ்டன் அம்மையாரின் தலைமையில் அமைந்த ஆலோசனைச் சபை 1967இல் வெளியிட்ட அறிக்கை, கல்விச் செயன்முறையின் நடுவில் இருப்பது பிள்ளையே என்று அறிவித்து, தனியாள் வேகம், கண்டறிந்து கற்றல், பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்காமை ஆகியவற்றை ஊக்குவித்தது. இவ்வறிக்கை புதியதொன்றைக் கண்டுபிடித்தது என்பதைவிட, லெஸ்டர்ஷயர் போன்ற பகுதிகளில் ஏற்கெனவே நடைபெற்றுக்கொண்டிருந்ததை ஏற்று மொழிந்தது என்பதே பொருந்தும்.

லெஸ்டர்ஷயரில் அது ஏன் முந்தி நடந்தது என்பதே இலங்கை வாசகருக்கு முக்கியமான செய்தியாகும். அக்கால இங்கிலாந்தில் பதினொரு வயதில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தெரிவுப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. அதில் தேறியோர் உயர்தர இலக்கணப் பாடசாலைக்கும் ஏனையோர் சாதாரணப் பாடசாலைக்கும் அனுப்பப்பட்டனர். லெஸ்டர்ஷயர் 1957இல் தொடங்கிய திட்டத்தின் வழியே அத்தெரிவுப் பரீட்சையைப் படிப்படியாக நீக்கியது. பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் சுமை இறங்கியதும், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கு வேறு விதமாகக் கற்பித்துப் பார்க்கும் துணிவும் நேரமும் கிடைத்தன. வகுப்பறை திறந்தது பரீட்சையின் பிடி தளர்ந்த பின்னரே.

எழுச்சியும் பின்னடைவும்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியர்கள் கூட்டங் கூட்டமாக இங்கிலாந்து சென்று இவ்வகுப்பறைகளைப் பார்த்துத் திரும்பினார்கள்; சார்லஸ் சில்பர்மன் என்னும் பத்திரிகையாளர் 1970இல் எழுதிய நூல் இம்முறையை அந்நாடெங்கும் பேசவைத்தது. சுவர்களற்ற பெரிய கூடங்களைக் கொண்ட புதிய பாடசாலைக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் கட்டடம் மாறிய வேகத்தில் கற்பித்தல் மாறவில்லை. சுவரில்லாத கூடத்திலும் பழைய முறையிலேயே பாடம் நடத்த முற்பட்ட ஆசிரியர்கள் பக்கத்து வகுப்பின் இரைச்சலைத் தாங்காமல் அலுமாரிகளை அடுக்கித் தடுப்புகளை எழுப்பிக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் பின்னடைவு வேறு வழியில் வந்தது. இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியிலுள்ள வில்லியம் டின்டேல் ஆரம்பப் பாடசாலையில், பிள்ளைகளுக்கு மிக விரிந்த தெரிவுரிமையை ஆசிரியர்கள் வழங்க, பெற்றோரும் முகாமையாளரும் அதை எதிர்க்க, பிணக்கு முற்றிப் பகிரங்க விசாரணை வரை சென்றது. அதன் அறிக்கை 1976இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நெவில் பெனற் என்ற ஆய்வாளர் 37 ஆசிரியர்களின் வகுப்புகளை ஒப்பிட்டு, வாசிப்பு, கணிதம், மொழி ஆகியவற்றில் முறைசார் கற்பித்தலின் கீழ்ப் பயின்ற பிள்ளைகளே பொதுவில் அதிக முன்னேற்றம் கண்டதாக எழுதினார். இம்முடிவு பத்திரிகைகளின் முதற்பக்கத்தைப் பிடித்தது; அத்தரவுகளையே வேறு புள்ளிவிவர முறையால் மீண்டும் ஆராய்ந்து, வேறுபாடு முன்னர் கருதப்பட்டதைவிட மிகக் குறைவானது என்று அவரும் பிறரும் 1981இல் காட்டியது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

பெனற்றின் ஆய்வில் ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளத்தக்க செய்தி சராசரியில் அன்றி ஒரு விதிவிலக்கில் இருந்தது. மிக உயர்ந்த முன்னேற்றத்தைக் காட்டிய வகுப்புகளுள் ஒன்று திறந்த முறையைக் கையாண்ட ஆசிரியை ஒருவருடையது. பிள்ளைகளுக்குத் தெரிவு இருந்த அவ்வகுப்பில் எதை எந்த வரிசையிற் கற்பது என்பது ஆசிரியையால் முன்கூட்டியே துல்லியமாக வகுக்கப்பட்டிருந்தது. பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆசிரியரின் ஆயத்தம் கூட வேண்டும் என்பதே அதன் பொருள். திறந்த வகுப்பறையை ஆசிரியர் விலகி நிற்கும் வகுப்பறை எனக் கொண்ட இடங்களில் அது தோற்றது; ஆசிரியரின் ஒழுங்கு அவருடைய குரலிலிருந்து நீங்கிப் பொருள்களுக்குள்ளும் பதிவேடுகளுக்குள்ளும் குடிபுகுந்த இடங்களில் அது நின்றது.

இலங்கையின் 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

இலங்கையிலும் ஊர் வாழ்க்கையோடு ஒட்டிய கல்விக்கான முயற்சிகள் பழையவை. கண்டி மாவட்டத்தின் ஹந்தெஸ்ஸவில் 1930களில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம், பயிர்ச்செய்கை, கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றை மையமாக வைத்து ஏனைய பாடங்களை அவற்றோடு இணைத்துக் கற்பித்தது. அக்காலக் கல்வி அமைச்சர் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் ஆதரவோடு பல பாடசாலைகளுக்குப் பரவிய பின்னரும், தம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உத்தியோகங்களை இழந்துவிடுவார்கள் என்ற பெற்றோரின் அச்சம் அதை நிலைக்கவிடவில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் பாடங்களை ஒன்றிணைக்க முயன்றது.

இவற்றைவிட விரிவானது, 1991இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அடியொற்றி 1997இல் அறிவிக்கப்பட்ட பொதுக் கல்விச் சீர்திருத்தமாகும். ஆரம்பக் கல்விப் பகுதி 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாம் தரத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகளும் 1998இல் நடைமுறைக்கு வந்தன.

இச்சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியின் ஐந்து ஆண்டுகளை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. முதலாம், இரண்டாம் தரங்கள் முதலாம் நிலை. மூன்றாம், நான்காம் தரங்கள் இரண்டாம் நிலை. ஐந்தாம் தரம் தனியே மூன்றாம் நிலை. கற்றல் மூன்று வழிகளில் நிகழ வேண்டும் எனவும் வகுக்கப்பட்டது. ஆசிரியர் ஒரு நோக்கத்தோடு ஒழுங்கு செய்து கொடுக்கும் வழிகாட்டப்பட்ட விளையாட்டு முதலாவது. பொருள்களைக் கையாண்டு, பார்த்து, அளந்து, உரையாடிச் செய்யும் செயற்பாடு இரண்டாவது. அமர்ந்து வாசித்து எழுதும் மேசை வேலை மூன்றாவது. முதலாம் நிலையில் விளையாட்டே மேலோங்கும். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறத்தாழச் சம அளவு பெறும். மூன்றாம் நிலையில் மேசை வேலை கூடும். ஒரே நிலைக்குள் அடங்கும் இரு தரங்களை இரண்டு ஆண்டுகளாக வெட்டாமல் ஒரு தொடராகக் கருதியதால், மெல்லக் கற்கும் பிள்ளை ஓராண்டின் முடிவில் ‘பின்தங்கியவர்’ என்ற பெயரைச் சுமக்காமல், அடுத்த ஆண்டிலும் அதே ஆசிரியரோடு தன் வேகத்தில் தொடர வழியிருந்தது.

பாடங்கள் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என நான்காகச் சுருக்கப்பட்டன. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் வாய்மொழியாக, செயற்பாடுகளின் ஊடாகவே அறிமுகமாக வேண்டியிருந்தது. பாடசாலைக்குப் புதிதாக வரும் பிள்ளையின் பேச்சு, அசைவு, பழகும் விதம் ஆகியவற்றை ஆசிரியர் அவதானித்துக் குறிக்கும் ‘பிள்ளையை இனங்காணல்’ என்னும் வேலைத்திட்டம் முதலாம் தரத்தின் தொடக்க வாரங்களுக்கென வகுக்கப்பட்டது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எந்தப் பிள்ளையும் தவறவிடக் கூடாத திறன்கள் ‘அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்’ என்ற பெயரில் பட்டியலிடப்பட்டன. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் ஒவ்வொரு தரத்துக்கும் ஆசிரியர் வழிகாட்டிகளை ஆக்கி, சிங்களத்திலும் தமிழிலும் வழங்கியது.

கொள்கையளவில் இதில் குறை காண்பது கடினம். ஆனால் இச்சீர்திருத்தம் தொடாமல் விட்ட ஒன்று இருந்தது. அதுதான் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல்

இலங்கை தன் வழிகாட்டிகளை அச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறொரு பரிசோதனை உருவாகியது. ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையில் எழுந்த ரிஷி வேலிப் பள்ளியின் கிராமியக் கல்வி நிலையத்தில், பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுவட்டாரக் குக்கிராமங்களின் ஓராசிரியப் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுத்திருந்தார்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் கற்கும்போது, பாடநூலைப் பக்கம் பக்கமாக நடத்துவது இயலாது. எனவே பாடநூல் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படியும் ஓர் அட்டையாக்கப்பட்டது. அட்டைகள் செல்ல வேண்டிய வரிசை ஒரு கற்றல் ஏணியாக வரையப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டது.

வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைச் சிறுவர்களின் கல்வியில் ஈடுபட்டு இம்முறையை அறிந்திருந்த எம்.பி. விஜயகுமார், 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த காலத்தில், ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். அட்டைகளை எழுதியவர்களும் வரைந்தவர்களும் அந்த ஆசிரியர்களே என்பது இம்முயற்சியின் அடித்தளமாக அமைந்தது. பின்னர் மாநகராட்சியின் ஏனைய தொடக்கப் பள்ளிகளுக்கும், அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் தெரிந்தெடுத்த பள்ளிகளுக்கும் விரிந்த ‘செயல்வழிக் கற்றல்’, 2007–08 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் 37,000க்கும் மேற்பட்ட அரச, அரச உதவி பெறும் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கும் உரியதாயிற்று. ஒரு பரிசோதனை முறை இவ்வளவு விரைவாக ஒரு மாநிலத்தின் பொது முறையானது உலகளவிலும் அரிது.

அவ்வகுப்பறையின் இயக்கம் எளிமையானது. காலையில் பிள்ளையே தன் வருகையையும் அன்றைய வானிலையையும் சுவர் அட்டவணைகளிற் குறிக்கும். பின்னர் ஏணியைப் பார்த்துத் தான் முந்தைய நாள் விட்ட படியைக் கண்டு, அதற்குரிய சின்னம் பொறித்த தட்டிலிருந்து அட்டையை எடுக்கும். அந்தச் சின்னமே பிள்ளை எந்தக் குழுவில் அமர வேண்டும் என்பதைச் சொல்லும். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், பகுதி உதவி தேவைப்படுவோர், சக மாணவரின் முழு உதவியோடு கற்போர், பகுதி உதவியோடு கற்போர், தாமே பயில்வோர், மதிப்பீட்டைச் செய்வோர் என ஆறு குழுக்கள் இருந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். கரும்பலகை சுவரின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிப் பழக ஒரு பங்கு கிடைத்தது. தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் ஆக்கங்கள் தொங்கின. தனிப் பரீட்சை நாள் என்று ஒன்று இல்லை. ஏணியில் வரும் மதிப்பீட்டு அட்டையைச் செய்து முடித்த பிள்ளை அடுத்த படிக்கு ஏறியது.

இதன் பெரிய நன்மை, பாடசாலைக்கு வராத நாள்களால் பிள்ளை இழப்பது குறைந்தமையாகும். பொது வகுப்பில் இரண்டு வாரம் வராத பிள்ளை திரும்பி வரும்போது பாடம் அதைக் கடந்து சென்றிருக்கும். ஏணி முறையிலோ பிள்ளை விட்ட இடத்தில் அதன் அட்டை காத்திருக்கும். ஆசிரியரிடம் பேசவும் கேட்கவும் பிள்ளைகள் அஞ்சாமையும் இவ்வகுப்பறைகளைப் பார்த்தவர்கள் பலரும் குறிப்பிட்ட மாற்றமாகும்.

குறைகளும் விரைவிலேயே தெரிந்தன. தாமே அட்டை செய்த சென்னை ஆசிரியர்களுக்கு அது தம்முடைய முறையாக இருந்தது. அச்சிட்டு அனுப்பப்பட்ட பெட்டியைப் பெற்றுக்கொண்ட ஏனையோருக்கு அது மேலிடத்துக் கட்டளையாக இருந்தது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. அவற்றுக்குப் பதில் அட்டைகள் உரிய காலத்தில் வரவில்லை. அட்டையை முடிப்பதே நோக்கமாகி, தொடர்ச்சியாக ஒரு கதையைக் கேட்பதும் வாசிப்பதும் விரிவாக எழுதுவதும் சுருங்கின என்று ஆசிரியர்களும் கல்வியாளர்களும் குறைகூறினர். வீட்டுப்பாடமும் கொப்பியும் இல்லாததைக் கண்ட பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு மாற்றினர். ‘அசர்’ எனப்படும் கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்புகளில் தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு அகில இந்தியச் சராசரியை எட்டாமலே இருந்தது. கொரோனாக் கால இடைவெளிக்குப் பின் 2022இல் தமிழக அரசு முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் பிள்ளைகள் வயதால் அன்றித் தேர்ச்சியால் அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகக் குழுவாக்கப்படுவதைப் பார்க்கும்போது, பெயர் மாறினாலும் முந்தைய முறையின் அடிப்படை உயிரோடு இருப்பது தெரிகிறது.

சிறிய பாடசாலைகளின் தேவை

இலங்கையின் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஐம்பதுக்கும் குறைந்த பிள்ளைகளைக் கொண்டவை. அத்தகைய பாடசாலைகளில் ஐந்து தரங்களுக்கு ஐந்து ஆசிரியர்கள் இருப்பது அரிது. இரண்டு அல்லது மூன்று தரங்களை ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் நடத்துவதே நடைமுறை. இதனைக் கல்வியியலாளர் ‘பல்தரக் கற்பித்தல்’ என்பர். வழக்கமான முறையில் இது பெரும் துன்பம். ஒரு தரத்துக்குப் பாடம் சொல்லும்போது மற்றத் தரங்கள் வெறுமனே எழுதிக்கொண்டிருக்கும். திறந்த வகுப்பறை முறைக்கோ அது இயல்பான நிலை. ரிஷி வேலியின் ஏணியும், கொலம்பியாவில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் 1970களில் உருவாக்கி ஆயிரக்கணக்கான கிராமப் பாடசாலைகளுக்குப் பரப்பிய ‘புதிய பாடசாலை’ முறையும் ஆசிரியர் குறைந்த இத்தகைய பாடசாலைகளுக்கென்றே பிறந்தவை. ஆகவே எத்தாளை முதலிய கரையோர ஊர்களுக்கும் தீவுகளுக்கும் இம்முறை நகரப் பாடசாலைகளைவிட அதிகம் பொருந்தும்.

மீன்பிடியும் தோட்டச் செய்கையும் கலந்த குடாநாட்டு வாழ்க்கை பருவத்தோடு அசைவது. காற்று மாறும்போது வாடி மாறும் மீனவக் குடும்பங்களும், அறுவடைக் காலத்தில் கைகள் தேவைப்படும் தோட்டக் குடும்பங்களும் உள்ள கரையில், வருகை இடையிடையே அறுவது புதுமையன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும் பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்த பின்னர், ஒரே வகுப்பில் வெவ்வேறு கல்விப் பின்னணியுடைய பிள்ளைகள் சேர்ந்து அமர்ந்த அனுபவமும் இப்பகுதிப் பாடசாலைகளுக்கு உண்டு. எல்லோருக்கும் ஒரே பக்கம் என்ற ஒழுங்கு இத்தகைய இடங்களில் யாருக்காவது எப்போதும் அநீதியாகவே முடியும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்துக்கு இக்கரை ஒரு நிறைந்த களஞ்சியம். குடாநாட்டின் மணல்நிலத்துக்கு அடியில், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் தங்கியிருக்கிறது. வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவதும் குடிநீர் கிடைப்பதும் அதனாலேயே. பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, மழை நாள்களையும் அருகே குறித்து, ஓராண்டின் ஏற்ற இறக்கத்தைச் சட்ட வரைபாக வரையும் நான்காம் தரப் பிள்ளைகள், அளவை, வரைபு, ஒப்பீடு ஆகிய கணிதத் தேர்ச்சிகளையும், தம் ஊர் நிலைத்திருப்பதன் ஆதாரத்தையும் ஒரே வேலையிற் கற்றுக்கொள்வார்கள். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்ற காற்றுகளின் பெயர்களைத் தம் வீட்டு மீனவரிடம் கேட்டறிந்து, அவை வீசும் மாதங்களையும் அப்போது படும் மீன்களையும் அட்டவணையாக்குவது மொழிக்கும் புவியியலுக்கும் ஒருசேர உதவும். இவற்றுக்கு வேண்டியவை கயிறு, மட்டை, நிறக்குச்சி ஆகியவையே. ஆனால் இன்ன வேலையால் இன்ன தேர்ச்சி எட்டப்படும் என்பதையும், எந்தப் பிள்ளை எட்டியது, எது எட்டவில்லை என்பதையும் குறித்து வைக்கும் பதிவேடு இல்லையெனில் இவை பொழுதுபோக்காகவே முடியும்.

தடை எங்கே இருக்கிறது

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையின் வேர், திறமையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளின் கதவைத் திறந்த கன்னங்கரா காலத்து நன்னோக்கில் இருக்கிறது. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைப்பதை எவரும் பழிக்க மாட்டார். ஆனால் இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றும் இப்பரீட்சை, பத்து வயதிலேயே நாட்டின் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் கருவியாகிவிட்டது. அது தாளும் பென்சிலும் கொண்டு அளக்கக்கூடியதை மட்டுமே அளக்கிறது. பேச்சு, கூட்டு வேலை, கேள்வி கேட்கும் ஆற்றல், கையால் ஒன்றைச் செய்து பார்த்தல் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. பாடசாலையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தோரின் எண்ணிக்கையால் நிறுக்கப்படுவதால், நான்காம் தரத்திலேயே, சில இடங்களில் அதற்கும் முன்னரே, செயற்பாட்டு மூலைகள் ஒதுக்கப்பட்டு மாதிரி வினாத்தாள்கள் வகுப்பினுள் நுழைகின்றன. மாலையில் ரியூசன் வகுப்பு அவற்றையே மீண்டும் செய்விக்கிறது. விளையாட்டையும் செயற்பாட்டையும் வலியுறுத்தும் ஆசிரியர் வழிகாட்டியைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர், நடைமுறையில் தான் எதனால் மதிப்பிடப்படுவார் என்பதை அறிந்தே நடந்துகொள்கிறார். அவரைக் குறைகூறுவது நியாயமன்று.

இங்கிலாந்தின் அனுபவத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே தெரிவுப் பரீட்சை முதலில் தளர்ந்தது, வகுப்பறை பின்னர் திறந்தது. இங்கே பரீட்சையை அப்படியே வைத்துக்கொண்டு வகுப்பறையைத் திறக்குமாறு ஆசிரியர் பணிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளின் முடிவில் இத்தகைய தெரிவுப் பரீட்சை இல்லாமையே செயல்வழிக் கற்றலை அவ்வளவு விரைவாகப் பரப்ப இடமளித்தது. அங்கே அதைத் தளரச் செய்தவை ஆசிரியரின் பங்கேற்புக் குறைந்தமையும் பொருள் வழங்கல் தடைப்பட்டமையுமே.

பெற்றோரின் ஐயத்தையும் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஹந்தெஸ்ஸவிலும் சென்னையிலும் இஸ்லிங்டனிலும் அவர்கள் கேட்டது ஒன்றே: இந்த முறையில் என் பிள்ளை வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் கற்றுக்கொள்கிறதா, இல்லையா? கொப்பியில் சிவப்புச் சரியடையாளம் கண்டு பழகிய பெற்றோருக்கு, பிள்ளை எந்தத் தேர்ச்சியை எட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் எளிய பதிவைத் தவணைதோறும் கொடுத்து, வகுப்பு நடக்கும் நேரத்தில் அவர்களை உள்ளே அழைத்துக் காட்டுவதே அதற்குரிய விடை. பிள்ளையைப் பார்க்கவிடாத திறந்த வகுப்பறை தன் பெயருக்கே முரணானது.

செய்ய வேண்டியவை

மூன்று இடங்களின் அனுபவமும் சேர்ந்து கூறுவது இதுதான். திறந்த வகுப்பறை தன் முறையின் பலவீனத்தால் தோற்றதைவிட, ஆயத்தமின்மையாலும், ஆசிரியர்மேல் திணிக்கப்பட்டதாலும், அதற்கு எதிரான பரீட்சையோடு பிணைக்கப்பட்டதாலும் தோற்றதே அதிகம். வலயக் கல்வி அலுவலகம் ஒரே ஆணையால் எல்லாப் பாடசாலைகளிலும் இதைத் தொடங்குவதைவிட, விருப்பமுள்ள சில சிறிய பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தம் ஊருக்கேற்ற அட்டைகளையும் வேலைகளையும் தாமே ஆக்கவும், ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கவும் நேரமும் போக்குவரத்துச் செலவும் கொடுப்பதே பயனுள்ள தொடக்கமாகும். ஆசிரிய ஆலோசகர் வகுப்பறைக்கு வரும்போது பாடக்குறிப்பைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை எட்டாத பிள்ளைகள் யார், அவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று கேட்டால், ஆசிரியரின் கவனமும் அந்தப் பக்கம் திரும்பும்.

பெரிய மாற்றம் கொழும்பில் நிகழ வேண்டியது. புலமைப்பரிசிலின் இரண்டு வேலைகளையும் பிரித்து, வறிய பிள்ளைக்குரிய உதவிப்பணத்தைக் குடும்ப வருமானத்தின் அடிப்படையில் வழங்கி, பாடசாலைத் தெரிவுக்கான போட்டியை அண்மையிலுள்ள பாடசாலைகளின் தரத்தை உயர்த்துவதன் மூலம் குறைக்காத வரை, எத்தனை வழிகாட்டி நூல்களை அச்சிட்டாலும் ஆரம்பப் பாடசாலை பரீட்சை மண்டபத்தின் முன்கூடமாகவே இருக்கும். 1999இல் நாடு தன் பிள்ளைகளுக்கு வாக்களித்த வகுப்பறையை வழங்குவதற்குப் புதிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. அன்று தொடாமல் விட்ட பரீட்சையை இப்போது தொட்டாலே போதும்.